பாயிரம் இல்லாத பாட்டு

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என நின்று நின்று செல்லும் தொடர்வண்டியில் காலையும் மாலையும் கல்லூரி மாணவர் நிறைந்திருப்பர். முன்பெல்லாம் அவர்கள் அரசியல் பேசினர். நடிகர்களின் பெயரால் பூசலிட்டனர். இற்றை நாளில் காதிற் செவிக்கருவி செருகிய இளைஞரிடையே எழும் சொற்போர் வேறொன்று. மேலையிசை வகைகளுள் 'இராக்கு' உயர்ந்ததா, 'இப்-ஆப்பு' உயர்ந்ததா? பிறர் பாடலினின்று ஓர் ஒலித்துண்டை வெட்டியெடுத்துத் தம் பாடலுள் ஒட்டிக்கொள்ளும் 'சாம்பிளிங்' என்னும் ஒலித்துண்டெடுப்புக் கலையா, களவா?

ஒரு சாரார், மின்கித்தாரைப் பல்லாண்டு பழகி விரல் தேய இசைப்பவனே இசைவாணன். கணிப்பொறியில் வெட்டி ஒட்டுபவன் பிறன் விளைச்சலை அறுவடை செய்பவன் என்பர். மறு சாரார், இராக்கு இசையே அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப்பாட்டினின்று வெள்ளையர் எடுத்துக்கொண்டதுதான். நாங்கள் ஊரறிய எடுக்கின்றோம், நீங்கள் ஊரறியாமல் எடுத்தீர்கள் என்பர். இரண்டையும் கேட்டிருக்கும் முதியோர், "இரண்டும் அயலான் கூச்சல், தமிழனுக்கு இதில் என்ன வேலை?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வர். தனித்தமிழ் அன்பர்களுள்ளும் இவ்வாறு முகம் திருப்புவோர் பலர்.

அவ்வாறு திருப்புதல் தகாது. இளைஞர்தம் இச்சொற்போருள் ஓர் இனத்தின் உயிர்க்கேள்விகள் மூன்று அடங்கியுள்ளன. ஒருவன் உழைப்பை மற்றொருவன் எடுத்தாளும்போது, எடுத்தவன் யார் பெயரைச் சொல்ல வேண்டும்? யாருக்குப் பங்கு கொடுக்க வேண்டும்? எந்த மொழியிற் பாட வேண்டும்? தமிழினம் இம்மூன்றையும் பிறரினும் முன்னரே எதிர்கொண்ட இனமாகும். இழந்து கற்றுக்கொண்ட இனமுமாகும்.

முதற்கண் அயல்நாட்டு வரலாற்றைச் சற்றே நோக்குதல் நன்று. நியூயார்க்கு நகரில் கறுப்பின ஏழை மக்கள் வாழும் பிராங்குசுப் பகுதியில், 1973 ஆகத்து 11ஆம் நாள், சமைக்காத் தீவிற் பிறந்த கிளைவு காம்பெல் என்னும் இளைஞர் ஒரு விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாடலில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சிறு பகுதியை இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டித்தார். கூடியிருந்தோர் அதற்கு ஆடினர். இசைக்கருவி வாங்கப் பொருளில்லாத மக்கள் இசைத்தட்டையே கருவியாக்கிக்கொண்ட நிகழ்ச்சி அது. இப்-ஆப்பின் பிறந்தநாளாக இன்று போற்றப்படுவது அந்நாளே. ஆதலின் ஒலித்துண்டெடுப்பு என்பது சோம்பேறியின் குறுக்குவழியாகத் தோன்றவில்லை; இல்லாதவன் உள்ளதைக் கொண்டு ஆக்கிய கலையாகவே தோன்றிற்று. இவ்வுண்மையை இராக்குச் சுவைஞர் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

எனினும் அக்கலைக்குள் ஒரு கொடுமையும் உடன்வளர்ந்தது. 1969இல் 'வின்சுடன்சு' என்னும் குழுவினர் வெளியிட்ட 'ஆமென் பிரதர்' என்ற இசைப்பாடலின் இடையே கிரிகரி கோல்மன் என்பவர் ஏறத்தாழ ஏழு நொடி தனித்து முரசறைந்தார். அவ்வேழு நொடியே பின்னாளில் ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு அடித்தாளமாயிற்று. அதனால் அவர் பெற்ற ஊதியம் எதுவுமில்லை. 2006இல் வறுமையில் அவர் இறந்தார். ஒன்பதாண்டுகள் கழித்து, 2015இல், இசைச் சுவைஞர்கள் தாமே பொருள் திரட்டி அக்குழுத் தலைவர் இரிச்சர்டு இசுபென்சருக்கு 24,000 பவுண்டு அளித்தனர். முரசறைந்தவர் அதைக் காண இல்லை.

இனி, இராக்குச் சுவைஞர் தம் கைகள் தூயன என்று கூறவும் இயலாது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற 'லெட் செப்பலின்' குழு 1969இல் வெளியிட்ட பாடலொன்று, கறுப்பினப் பாவலர் வில்லி திக்சனின் பாடலைத் தழுவியது. அவர் பெயர் அதிற் சொல்லப்படவில்லை. 1985இல் அவர் வழக்குத் தொடுத்தார். 1987இல் அது இணக்கமாக முடிந்தது. பின்னரே அவர் பெயர் அப்பாடலில் ஏறிற்று. எனவே கருவியை விரலால் இசைத்தாலும், தட்டை விரலாற் சுழற்றினாலும் களவு களவே; நன்றி நன்றியே. வேறுபாடு கருவியில் இல்லை. பெயரை மறைப்பதிலும் மறைக்காமையிலுமே உள்ளது.

இவ்விரு வகையாரும் ஒருகால் கைகோத்ததும் உண்டு. 1986இல் 'ரன் டி.எம்.சி.' என்னும் கறுப்பினச் சொல்லிசைக் குழுவினர், 'ஏரோசுமித்து' என்ற இராக்குக் குழுவினர் 1975இல் பாடிய பாடலொன்றை, அவருட் பாடகரையும் கித்தார்க்காரரையும் உடன் வைத்துக்கொண்டே மீண்டும் பாடினர். அதன் படக்காட்சியில் அடுத்தடுத்த அறைகளில் இருக்கும் இரு குழுவினரிடையே நின்ற சுவர் இடித்துத் திறக்கப்படும். எடுத்தவரும் கொடுத்தவரும் ஒரே மேடையில் நின்றமையால் அங்குக் களவு என்ற பேச்சே எழவில்லை.

இத்தொடர்வண்டி இளைஞருள் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. இராக்கும் இப்-ஆப்பும் கலந்த பாடல்களுள் உலகெங்கும் பரவிய ஒன்றை ஆக்கியவர் ஓர் ஈழத்தமிழ்ப் பெண்மணி. 1975இல் இலண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்திற் குழந்தைப் பருவத்தைக் கழித்து, போரினால் மீண்டும் இலண்டனுக்கு ஏதிலியாகச் சென்ற மாதங்கி அருட்பிரகாசமே அவர். எம்.ஐ.ஏ. என்பது அவர்தம் மேடைப் பெயர். தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதை முதற்றொகுப்புக்கும், தாயின் பெயரான 'கலா' என்பதை 2007இல் வந்த இரண்டாம் தொகுப்புக்கும் இட்டார். இரண்டாம் தொகுப்பிலுள்ள 'பேப்பர் பிளேன்சு' என்ற பாடலுக்கு, 'கிளாசு' என்னும் ஆங்கிலேய இராக்குக் குழு 1982இற் பாடிய பாடலொன்றின் ஒலித்துண்டை அடித்தளமாக்கினார். அம்மூலப்பாடல் புலம்பெயர்ந்தோரின் புறக்கணிப்பைப் பாடியது. இவர் பாடலும் புலம்பெயர்ந்தோரை ஐயுறவோடு நோக்கும் உலகத்தை எள்ளியது. பொருளுக்குப் பொருள் பொருந்த எடுத்தமை ஒரு சிறப்பு. கிளாசுக் குழுவினர் நால்வர் பெயரையும் பாடலாசிரியர் வரிசையிற் சேர்த்தமை அதனினும் பெருஞ்சிறப்பு. மறு ஆண்டே, 2008இல், அப்பாடலினின்று இவர் குரலையே ஒலித்துண்டாக வெட்டியெடுத்து அமெரிக்கச் சொல்லிசையின் முன்னணிப் பாடகர்கள் தம் பாடலுக்கு அடிமானமாக்கினர். ஏதிலியாகச் சென்றவரின் குரல் பிறர்க்கு மூலமாயிற்று.

அதே தொகுப்பின் முதற்பாடலில் இளையராசா 1991இல் 'தளபதி' படத்துக்கு அமைத்த இசையின் துண்டொன்றும் ஒலிக்கின்றது. அதற்கு முன்னரே, 2003இல், 'பிளாக் ஐடு பீசு' என்னும் அமெரிக்கக் குழு, இளையராசா 1985இல் 'சிரீ இராகவேந்திரர்' படத்துக்கு அமைத்த பாடலின் துண்டைத் தன் தொகுப்பில் எடுத்தாண்டது. இவற்றைச் சொல்லித் தமிழிளைஞர் பெருமிதம் கொள்கின்றனர். கொள்ளட்டும். ஆனால் பெருமிதத்தோடு ஒரு கேள்வியும் கேட்டல் வேண்டும்: அப்பாடலைக் கேட்கும் வெளிநாட்டான், 'இது தமிழிசை, இன்ன தமிழன் ஆக்கியது' என்று அறிகின்றானா? அறியாமற் கேட்பானாயின் அவன் செவிக்கு அது பெயரற்ற கீழைநாட்டு ஒலி மட்டுமே.

தமிழ் கற்றார்க்கு இக்கேள்வி புதிதன்று. நம் முன்னோர் நூல்களை முதனூல், வழிநூல் என வகுத்தனர். முன்னோன் செய்ததைத் தொகுத்தோ, விரித்தோ, தொகுத்தும் விரித்துமோ, பிறமொழியினின்று பெயர்த்தோ வழிநூல் செய்யலாம் என்று தொல்காப்பியம் இசைவளிக்கின்றது. முன்னோர் கருத்தை மட்டுமன்றி அவர்தம் சொல்லையே அப்படியே எடுத்து வைப்பதும் அவரைப் போற்றும் வழியே என்று நன்னூலார் கூறுவர். ஆகவே எடுத்தாள்வதைத் தமிழ் என்றும் இழிவென்று கருதியதில்லை.

ஆனால் அவ்விசைவுக்கு ஒரு கட்டுப்பாடும் வைத்தனர். நூலின் முகப்பிற் சிறப்புப்பாயிரம் இருத்தல் வேண்டும். அப்பாயிரம் சொல்ல வேண்டியவை எட்டு. அவற்றுள் முதலாவது, ஆக்கியோன் பெயர். இரண்டாவது, அந்நூல் வந்த வழி. யார் செய்தது, எதன்வழிச் செய்தது என்னும் இவ்விரண்டையும் சொன்ன பின்னரே எல்லையும், நூற்பெயரும், யாப்பும், பொருளும், கேட்போரும், பயனும் சொல்லப்பெறும். நூல் எத்துணை விரிந்ததாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலன்று என்பது பழையோர் துணிபு. மேலை நாட்டார் முறைமன்றங்களில் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் போராடிப் பெற்ற ஒன்றைத் தமிழாசிரியர் தம் மாணாக்கர்க்கு நூன்முகப் பாடமாகவே நடத்திவந்தனர்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரே சான்று. கம்பரைப் புரந்த சடையப்பர் ஊர் அது. வடநாட்டுக் கதையை எடுத்தமைபற்றிக் கம்பரோடு பிணக்குடைய தமிழன்பர் பலர் உளர், அப்பிணக்கு வேறு. ஆயினும் அவர் முதனூலாசிரியன் பெயரை மறைத்தார் என்று எவரும் குற்றஞ்சாட்ட இயலாது. பாயிரத்திலேயே வான்மீகியைச் சொன்னார். தமக்குச் சோறிட்ட சடையப்பரையும் காப்பியத்துள் இடையிடையே நினைந்தார். வடசொல் தமிழுக்கு வருமாயின் வடவெழுத்தைக் களைந்துவிட்டே வரல் வேண்டும் என்ற தொல்காப்பியர் நெறியைப் பின்பற்றி, இலக்குவன், வீடணன் எனப் பெயர்களையும் தமிழாக்கினார். மூலத்தைச் சொல்லல், புரந்தாரை மறவாமை, தமிழாக்கிக் கொள்ளல் ஆகிய மூன்றும் எடுத்தாள்வோர்க்குரிய அறங்கள்.

இவ்வறம் மீறப்பட்டால் விளையும் கேட்டைத் தமிழினத்தைவிட நன்கறிந்த இனம் எது? தேவாரப் பண்கள் இன்று மேடைகளில் எப்பெயரால் வழங்குகின்றன? பழம்பஞ்சுரம் சங்கராபரணமாயிற்று. காந்தாரபஞ்சமம் கேதாரகௌளையாயிற்று. முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் அருணாசலக் கவிராயரும் தமிழிற் கீர்த்தனை வடித்துக் காட்டிய பின்னும், அவ்வடிவின் தோற்றத்தைத் திருவாரூர் மூவரிடமிருந்தே எண்ணத் தொடங்கினர். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் தம் இசைப்பெருநூலை வெளியிட்டும், விபுலானந்த அடிகள் 1947இல் யாழ்நூலை அரங்கேற்றியும், 1943இல் அண்ணாமலை அரசர் தமிழிசைச் சங்கம் நிறுவியும் அந்த மறைப்பை முழுமையாக நீக்க முடியவில்லை. பெயர் ஒருமுறை போனால் மீட்பதற்கு நூறாண்டும் போதா. ஓர் இனத்தின் இசை முழுவதையும் எடுத்துக்கொண்டு பாயிரத்தை மட்டும் கிழித்தெறிந்த கதை அது. அக்கதைக்காகக் கண்ணீர் விடும் நாம், நம்மினும் எளியோர் பாடலின் பாயிரத்தைக் கிழிக்கலாமா?

கிழிக்கின்றோம் என்பதே வருந்தத்தக்க உண்மை. 2021 மார்ச்சுத் திங்களில் வெளிவந்த 'என்சாய் எஞ்சாமி' பாடலைத் தமிழுலகம் முழுதும் பாடிற்று. அறிவு என்னும் இளம் சொல்லிசைஞர், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளை வித்தாக்கி எழுதிய பாடல் அது. ஒப்பாரியின் உருக்கமும் சொல்லிசையின் விரைவும் அதில் இணைந்தன. தீ என்பார் உடன்பாடினார். சந்தோசு நாராயணன் இசை ஆக்கத்திற் பங்குகொண்டார். அவ்வாண்டு ஆகத்தில் 'ரோலிங் சுடோன்' இதழின் இந்தியப் பதிப்பு தன் அட்டையில் அறிவின் படத்தை விடுத்து வெளியிட, எதிர்ப்பெழுந்தது. பின்னரே அவருக்கெனத் தனியட்டை ஒன்று வந்தது. 2022 சூலை 28ஆம் நாள் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடுத் தொடக்கவிழாவில் அப்பாடல் அறிவு இல்லாமலே மேடையேறிற்று. அதன்பின் அவரும் சந்தோசு நாராயணனும் தத்தம் பங்கை எடுத்துரைத்து வெளிப்படையாகவே மாறுபட்டனர். 2024இல் சந்தோசு நாராயணனே, அப்பாடலால் தங்களுக்கு வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என்று கூறினார். பாடியவரும் எழுதியவரும் இசைத்தவரும் ஒருவரோடொருவர் வழக்கிட, பொருள் எவர்க்கும் சென்று சேராமற் போயிற்று. கோடிக்கணக்கானோர் கேட்ட பாடலுக்கே இந்நிலையெனின், பெயரறியாத ஊரகக் கலைஞர் நிலை என்ன?

மேல்மலையனூர்த் திருவிழாவில் பம்பை அடிப்போரை எண்ணுக. சாவு வீட்டில் விடிய விடியப் பறையறைவோரை எண்ணுக. செஞ்சியைச் சுற்றிய சிற்றூர்களில் ஒப்பாரி வைக்கும் மூதாட்டியரை எண்ணுக. கைப்பேசி கொண்ட எவரும் அரை மணித்துளியில் அவ்வோசையைப் பதிந்து, கணிப்பொறியில் வெட்டி, அயலிசையோடு ஒட்டி உலகுக்கு அனுப்பலாம். கேட்பவர் 'ஆகா, மண்ணின் ஓசை' என்பர். ஆனால் மண் பாடுவதில்லை; மண்ணில் உழைக்கும் ஒருவர் பாடுகின்றார். அவருக்கு ஒரு பெயர் உண்டு. 'நாட்டுப்புற மெட்டு' என்று மட்டும் எழுதிவிட்டு அவர் பெயரை விடுத்தல், பறையடிக்கும் கையைத் தீண்டாது, பறையொலியை மட்டும் தீண்டிக்கொள்ளும் பழைய சாதிக்கொடுமையின் புதுவடிவமேயாகும்.

சட்டம் இவ்வறத்தை ஒருவாறு ஏற்றுள்ளது. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பின்னும் ஆக்கியோன் தன் பெயரைக் கோரவும் தன் படைப்புச் சிதைக்கப்படுவதைத் தடுக்கவும் உரிமை தருகின்றது. 1994இல் நிகழ்த்துக் கலைஞர்க்கும் உரிமை வகுக்கப்பட்டது. 2012இல் வந்த திருத்தம், திரைப்பாடல் எழுதியோரும் இசையமைத்தோரும் பெறவேண்டிய பங்கினை எழுதி வாங்கிக்கொண்டு பறித்துவிட முடியாதவாறு காத்தது. 2024இல் மலையாளப் படமொன்று 'குணா' படப் பாடலை எடுத்தாண்டபோது இளையராசா அறிவிப்பு அனுப்பினார்; 'இவ்வளவு பெற்றும் இன்னும் கேட்பதா?' என்று நம்மவரே எள்ளினர். அவ்வழக்கின் சட்டக்கூறுகள் எவ்வாறாயினும் ஆகுக. உரிமை கேட்பவனை எள்ளும் பழக்கம் நல்ல பழக்கமன்று. வழக்காடும் வலியுடையவனையே எள்ளும் குமுகாயம், வலியற்ற பறையிசைஞனுக்கு என்ன தரும்?

இனி, மொழி. தூய்மை வேண்டுவோர் அயலிசையைத் தொடலாமா என்று நம்முள் சிலர் கேட்பர். பிடில் எங்கிருந்து வந்தது? தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு முதலியோர் அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கைக்கொண்டு நம் பண்ணுக்கு இசைவித்தனர். அதை மேலைக்கருவி அன்றென்று எவரும் பொய் கூறவில்லை. அதனால் தமிழிசை அழியவுமில்லை. கருவி ஒரு நாட்டினின்று மற்றொரு நாட்டுக்குச் செல்லும், தாளமும் செல்லும். ஆனால் மொழி ஓர் இனத்தின் உயிர்நிலை. கருவியைக் கடன்வாங்கியவன் செல்வனாவான். மொழியைக் கடன்வாங்கியவன் தன் வீட்டிலேயே குடிக்கூலி கொடுப்பவனாவான்.

சொல்லிசையின் மூலவர்களே இதற்கு நல்லாசிரியர். ஆப்பிரிக்காவினின்று அடிமைகளாகக் கொணரப்பட்டுத் தம் தாய்மொழிகளைப் பறிகொடுத்த மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். எஞ்சிய ஆங்கிலத்தையும் ஆண்டைகளின் ஆங்கிலமாகப் பேசாமல் தம் தெருவின் மொழியாக்கிப் பாடினர். மொழி இழந்தவனே தன் தெருவின் பேச்சைக் கைவிடாதபோது, மூவாயிரம் ஆண்டு மொழியைக் கையில் வைத்திருப்பவன் அரைகுறை ஆங்கிலத்தில் உளறுவது அவர்களைப் பின்பற்றுவது ஆகுமா? மலேசியத் தமிழரான யோகி பி குழுவினர் 2006இல் 'வல்லவன்' தொகுப்பில், 'நிழல்கள்' படப்பாடல் ஒன்றை அடியாக வைத்துத் தமிழிற் சொல்லிசைத்துக் காட்டினர். தமிழ் இவ்விரைவுக்கு ஈடுகொடுக்குமோ என்னும் ஐயம் அன்றே தீர்ந்தது. எதுகையும் மோனையும் பிறவியிலேயே உடைய மொழிக்கு அஃதொரு பொருட்டா?

ஈண்டுப் புலவர்க்கும் ஒரு சொல். நல்ல தமிழ் என்பது நூலகத்தில் மட்டும் இருப்பதன்று. விழுப்புரத்துப் பேராசிரியர் பழமலய் 1988இல் 'சனங்களின் கதை'யை வெளியிட்டு, இப்பகுதி உழவர் வீட்டுப் பேச்சும் பாட்டாகும் என்று நிறுவினார். ஏர்க்காலிலும் களத்துமேட்டிலும் வழங்கும் சொற்களுட் பெரும்பகுதி கலப்பற்ற தமிழ். பாட்டி பேசும் தமிழைக் கொச்சை என்று வகுப்பறையில் இகழ்ந்த ஆசிரியர், பேரன் ஆங்கிலத்திற் பாடும்போது நொந்து பயனில்லை. இருவருக்கும் இடையிலிருந்த பாலத்தை இடித்ததில் அவர்க்கும் பங்குண்டு.

ஆகவே திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் தமிழ் கற்பிப்போர் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு மாணவரையும் தம் வீட்டிலோ தெருவிலோ உள்ள மூத்தோர் ஒருவர் பாடும் பாட்டைப் பதிந்து வரச் சொல்லலாம். பாடியவர் பெயர், ஊர், நாள், யாரிடம் கற்றார் என்பன அப்பதிவின் முகப்பில் இடம்பெற வேண்டும். பாடியவர் இசைவு பெற்றே பதிய வேண்டும். பின்னர் அம்மாணவர் இராக்கோ சொல்லிசையோ எதை வேண்டுமாயினும் அதனோடு கலக்கட்டும். கலவையின் பாயிரத்தில் பாட்டியின் பெயர் முதலில் நிற்கட்டும். பொருள் வந்தால் பங்கு அவர் வீட்டுக்குச் செல்லட்டும். சொல் தமிழாக இருக்கட்டும்.

திருவெண்ணெய்நல்லூருக்கு மற்றொரு கதையும் உண்டு. சுந்தரரைத் தம் ஆள் என்று உரிமை கொண்டாடி வந்த முதியவர், வாய்ச்சொல்லோடு நில்லாமல் மூத்தோர் எழுதிக்கொடுத்த ஓலையை அவ்வூர் மன்றத்தில் காட்டியே வழக்கை வென்றார் என்று பெரியபுராணம் கூறும். இறைவனே ஆயினும் உரிமைக்குச் சான்று வேண்டும் என்பது அம்மன்றத்தின் முறை. வென்ற பின் அவர் வேண்டியதோ பாட்டு.

அத்தொடர்வண்டி இளைஞர் நாளையும் வழக்காடட்டும். ஆனால் எவ்விசை உயர்ந்தது என்னும் வழக்கை விடுத்து, கேட்கும் ஒவ்வொரு பாட்டையும் நோக்கி, 'உன் ஓலை எங்கே? உன்னை ஆக்கியோன் யார்? நீ வந்த வழி எது?' என்று கேட்கக் கற்கட்டும். அவ்வாறு கேட்கப் பழகிய தலைமுறையின் இசையை எவரும் பெயர்மாற்றிக் கொண்டுபோக முடியாது.